குன்றாசுரனுக்கு ஜாமீன்

9.6.86, திங்கள். விழுப்புரம்

நேற்று திண்டிவனம் போய்வந்த களைப்பு. ஆபீசில் ஒரே தபாலை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்து, ஹெட்கிளார்க்கிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். களைப்பு என்று எழுதுகிறேன், பயம் என்று எழுத வேண்டும்.

எங்கள் கதையாட்ட மன்றத்தில் நேற்று நன்றாகத்தான் போனது. இடிந்து விழுந்த பாலத்தை நான் ஆடுகிற வீரன் குன்றாசுரன் முதுகில் தாங்கி, மற்ற இரண்டு வீரர்களையும் அக்கரை சேர்த்தான். ஏழடி உயரம், உதட்டுக்கு வெளியே இரண்டு பல். ஊருக்குள் எவனும் சேர்க்காத அரக்க இனம்தான், ஆனாலும் வீரன். அரங்கநாதன் சார் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறார், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு எங்களுக்குக் கதை நடத்துகிறார். அவரவர் வீரன் என்ன செய்கிறான் என்று நாங்கள் சொல்வோம், நடக்குமா நடக்காதா என்பதைப் புளியங்கொட்டை சொல்லும். சாரின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த தடிப் புத்தகத்தில் இருபது முகப் பகடை உருட்டச் சொல்லியிருக்கிறது. அது இங்கே எங்கே கிடைக்கும்? இருபது கொட்டையில் எண் எழுதிப் பவுடர் டப்பாவில் போட்டிருக்கிறோம். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும், எண் பெரிதானால் நினைத்தது நடக்கும். நேற்று எனக்குப் பத்தொன்பது.

சார் டைப் அடித்த விதிகளில் ஒன்று: அரக்க இனத்து வீரன் ஊர் வாசலுக்குள் நுழைய, மனித வீரன் ஒருவன் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். நிஜத் தாளில், நிஜப் பேனாவில். ஒவ்வொரு முறையும் சீனுவாசன்தான் போடுவான். பாங்கில் வேலை, கையெழுத்து அழகாக இருக்கும். "இவன் இல்லாம நானும் உள்ள வரமாட்டேன்" என்று நேற்றும் வாசல் காவலனோடு மல்லுக்கு நின்றான். நான் குனிந்து டப்பாவில் கொட்டைகளை எண்ணினேன். விளையாட்டுக்குப் போய் யாராவது அழுவார்களா?

கிளம்பும்போது சார் சொன்னார்: "சவுரி, ஜூலை உங்க வீடு. ரெண்டு வாட்டி தள்ளிட்டீங்க. இந்த வாட்டியும் தள்ளினா பேரை எடுத்துடுவோம்ப்பா. குன்றாசுரனும் காலி."

மாதம் ஒருவர் வீட்டில் ஆட்டம், அந்த வீட்டில்தான் சாப்பாடு. மன்றத்தின் வழக்கம் அது. முதல் தடவை அம்மாவுக்கு அம்மை போட்டிருக்கிறது என்றேன், அடுத்த தடவை வெள்ளையடிப்பு என்றேன். இனி என்ன சொல்ல?

நான் காலனிக்காரன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. சவுரிராயன் என்றால் கிறிஸ்தவன், அந்த மட்டும் தெரியும். எந்தத் தெருக் கிறிஸ்தவன் என்று பெயர் சொல்லாது. எங்களோடு ஆடுகிற சக்கரபாணி ஒருமுறை கேட்டான், வீடு எந்தப் பக்கம் என்று. திருவாமாத்தூர் போகிற பக்கம் என்றேன். பொய் இல்லை. ஆனால் பொய்தான்.

14.6.86, சனி

சாப்பாடு இறங்கவில்லை. ஜூலை ஆட்டத்துக்கு இன்னும் இருபத்தொன்பது நாள்.

22.6.86, ஞாயிறு

பூசை முடிந்து வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா முகம் மலர்ந்துபோனது. அதுதான் எனக்குச் சங்கடம்.

"எத்தினி பேருடா?"

"மூணு பேரு."

"கோழி அடிச்சிடலாம். அரக்கன் வூட்டுக்கு வந்துட்டு வெறும் சாம்பாரா துன்னுட்டுப் போவாங்க?"

களை எடுத்துவிட்டு வந்து படுத்தால் எழுந்திருக்க முடியாதவள், குன்றாசுரன் கதையை மட்டும் விடமாட்டாள். நான் திண்டிவனத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள்: "இருக்கானா, செத்தானா?" அவளிடம் எப்படிச் சொல்வது — வருகிறவர்கள் உன் கையால் சாப்பிடாமல் எழுந்துவிடலாம் என்று?

5.7.86, சனி

பஸ் ஸ்டாண்டில் சீனுவாசன். அக்கா வீட்டுக்கு வந்தானாம்.

"அடுத்த வாரம் என்னப்பா ஸ்பெஷல்? சொல்லு, இப்பவே வயித்தக் காயப்போட்டுக்கினு வர்றேன்."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "பஸ் வந்துடுச்சு" என்றேன். பஸ் வரவில்லை. அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டம் மாதிரி நின்ற ஜனத்துக்குள் புகுந்துவிட்டேன்.

சாப்பிடாமல் போனால் போகட்டும். விரதம் என்பார்கள், வயிறு சரியில்லை என்பார்கள். எனக்கு அது பழக்கம். ஆனால் அம்மா கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருப்பாளே. அதை என்னால் பார்க்க முடியாது. முடியவே முடியாது.

12.7.86, சனி

இன்று நான் செய்ததை எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் தீர வேண்டும்.

ஓட்டலில் நான்கு சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். சைவ ஓட்டல், வாழையிலை, எல்லாம் பார்சல். யாரும் எதையும் மறுக்க வழியில்லை. மூன்று வாரமாக யோசித்ததில் இதுதான் தோன்றியது. புத்திசாலித்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா கோழியைக் கூடை போட்டுக் கவிழ்த்திருந்தாள். அம்மியில் மசாலா பாதி அரைத்திருந்தது.

"நீ ஒண்ணும் செய்யாதம்மா. ஓட்டல்ல சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"உனக்கு ஏன் சிரமம்னு..."

"நாள் பூரா குனிஞ்சி களை எடுக்கறது சிரமமில்ல, நாலு பேருக்குச் சோறாக்கறது சிரமமா?" கையைக் கழுவிக்கொண்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "என் சட்டி ஆவாதுன்னு அவுங்க யாருனா சொன்னாங்களா?"

"இல்லம்மா."

"அப்ப நீதான் சொல்ற."

கூடையை எடுத்துக் கோழியை விரட்டிவிட்டாள். அரைத்த மசாலாவை வழித்து ஒரு கிண்ணத்தில் வைத்து மூடினாள். நான் என்ன பிள்ளை? இவ்வளவு வருஷம் எவன் எவனோ சொன்னதை, இன்று ஒருவரும் சொல்லாதபோது, பெத்தவகிட்ட நானே போய்ச் சொல்லிட்டு வந்து நிக்கிறேனே. ஐயோ.

13.7.86, ஞாயிறு

மூன்று பேர் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். வீட்டுக்கு வந்தது இரண்டு பேர். காலனி வளைவுக்குக் கீழே வந்ததும் சக்கரபாணி போர்டைப் படித்தான். கடிகாரத்தைப் பார்த்தான். "அய்யய்யோ, மாமா வீட்ல ஒரு ஜோலி, மறந்தே பூட்டேன்" என்று திரும்பி நடந்தான். சார் கண்ணாடியைத் துடைத்தார். சீனுவாசன் போகிறவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். சார் தண்ணீருக்குக் கையோடு பாட்டில் கொண்டுவந்திருந்தார். எப்போதும் கொண்டுவருவாரா? எனக்கு ஞாபகம் வரவில்லை. மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறேன்.

சீனுவாசன் எங்கள் குடத்திலிருந்து மொண்டு குடித்தான். அடுப்பங்கரை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்து, "என்னம்மா, நீங்க ஒண்ணும் செய்யலியா? மசாலா வாசனை வருதே" என்றான்.

"அவந்தான் வேணாண்ட்டான்."

அவன் என்னைப் பார்த்தான். நான் இலையை மடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஆட்டம். கடைசிக் கோட்டை வாசல். வழக்கம்போல் சீனுவாசன் ஜாமீன் தாளை இழுத்துப் பேனா மூடியைத் திறந்தான். அம்மா அங்கேயேதான் நின்றிருந்தாள். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை.

"வேணாம் சீனு. குன்றாசுரன் ஜாமீன்ல போவமாட்டான். கதவ உடைக்கிறான்."

"பதினெட்டுக்கு மேல வரணும், சவுரி" என்றார் சார். "இல்லன்னா ஈட்டிக்காரங்க இருக்காங்க. யோசிச்சிக்குங்க."

டப்பாவில் கையை விட்டேன். நான்கு.

"ஒரு கையெழுத்துதானப்பா!" என்று சீனுவாசன் கத்தினான். நிஜமாகவே கோபம் அவனுக்கு.

அம்மாதான் கேட்டாள்: "செத்துட்டானா?"

செத்துவிட்டான். வாசலிலேயே. சார் தாளில் அவன் பெயரை அடித்தார்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். சார் ஏறின பிறகு சீனுவாசன் படியில் நின்றபடி கேட்டான்: "என்னைய இன்னான்னு நெனச்சிக்கினு இருந்த நீ?" பதில் சொல்வதற்குள் டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான். இந்த முறை நிஜமாகவே.

15.7.86, செவ்வாய்

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "போய் வேலையப் பாரு" என்றாள். சோறு போடும்போது மீன் நடுத்துண்டு எனக்கு.

2.8.86, சனி

சாரிடமிருந்து கார்டு. பத்தாம் தேதி அவர் வீட்டில் ஆட்டமாம், புது வீரனோடு வரலாமாம். ஜூலை வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகலாமா? போகாவிட்டால் நிம்மதி. போகாவிட்டால் சக்கரபாணிக்கும் நிம்மதி.

10.8.86, ஞாயிறு

போனேன். கையில் அம்மாவின் தூக்குவாளி. விடியற்காலையே எழுந்து கோழிக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். நானாகத்தான் கேட்டேன்.

புது வீரன் என்ன இனம் என்றார் சார். அரக்கன் என்றேன். "திரும்பவுமா?" என்றான் சக்கரபாணி, டப்பாவைப் பார்த்துக்கொண்டு. திரும்பவும்தான், ஜாமீன் தாள் வேண்டாம், இவன் ஊருக்குள்ளேயே வரப்போவதில்லை என்றேன். நானும் வெளியிலேயே இருக்கிறேன் என்றான் சீனுவாசன். பாவம் சார், புத்தகத்தில் இல்லாத ஒரு காட்டை உட்கார்ந்த இடத்திலேயே உண்டாக்க வேண்டியதாயிற்று.

சாப்பாட்டு நேரத்தில் தூக்கைத் திறந்து நடுவில் வைத்தேன். மூடியில் கோத்திருந்த ஆவித் தண்ணீர் தரையில் கொட்டியது. சக்கரபாணி மோர் போதும் என்றான். சார், "நான் சைவமாயிட்டேன்ப்பா" என்றார். மே மாதம் சக்கரபாணி வீட்டில் கால் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தவர். சீனுவாசன் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டான். அப்புறம் இன்னும் இரண்டு. நானும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. உப்பு மட்டும் ஒரு கல் தூக்கல்.

திரும்பி வந்ததும் அம்மா தூக்கைத் திறந்து பார்த்தாள்.

"யார் யார் சாப்ட்டாங்க?"

"நானும் சீனுவாசனும்."

"மத்தவங்க?"

"வேணான்ட்டாங்க."

அம்மா மிச்சக் குழம்பைச் சட்டிக்கு மாற்றினாள். "ரெண்டே பேருதானா? அப்ப அடுத்த மாசம் சின்னக் கோழியாப் பாத்துப் புடிப்போம்" என்றாள்.