முள் ஏறாத வண்டி

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ஷெட்டின் தெற்கு மூலையில் மறுபடி ஒழுக்கு. வாளி வைத்தாயிற்று. தார்ப்பாய் வாங்க வேண்டும் (மூன்றாவது முறையாக எழுதுகிறேன், வெட்கமில்லை).

எட்டு மணிக்கு மல்லிகா வந்தாள். களக்காட்டுக்காரி. இங்கே கழக்கூட்டம் பக்கம் ஐ.டி. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் டீசல் டாக்சி, ஞாயிறானால் பொன்முடி மலைக்குச் சவாரி. ஐந்து வருடமாக வண்டி ரிப்பேரெல்லாம் என் ஷெட்டில்தான். இன்று கூடவே புருஷன் முருகேசன். தம்பானூரில் ஹோட்டல் மாஸ்டர். அவன் வாயைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புகார்:
– மைலேஜ் பதினெட்டு இருந்தது, இப்போது பதிமூன்று
– காலையில் கறும்புகை, உதறல்
– ஆயிலில் டீசல் வாடை (முகர்ந்தேன், உண்மை)
– எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் அடியிலேயே படுத்திருக்கிறது

ரொம்ப நாளாகவே கொஞ்சம் கொஞ்சமாக இப்படித்தானாம். போன சர்வீசில் சொன்னாளாம். "வண்டிக்கு வயசாகுது" என்றேனாம். சொல்லியிருப்பேன்.

முருகேசன்: "பொம்பள ஓட்டுனா இப்படித்தான் அண்ணாச்சி. கிளட்ச்ல கால வச்சுக்கிட்டே போறா." அவள் மழையைப் பார்த்தபடி நின்றாள். சனிக்கிழமை புரோக்கர் வருகிறானாம். வண்டியை விற்றுவிட்டு இவளைத் தன் ஹோட்டலில் காய் நறுக்கப் போடப் போகிறானாம்.

அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் பக்கத்தில் வந்தாள். "நான் ஓட்டித்தான் கெட்டுதுன்னா சொல்லிருங்க அண்ணாச்சி, வித்துட்டுப் போறேன். இல்லன்னா அத அவர்கிட்டயும் சொல்லணும்." சரி என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

பைபாஸில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஸ்கேனரில் எஞ்சின் சூடு 56 டிகிரி. தொண்ணூறை ஒட்டி இருக்க வேண்டும். சென்சார் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டி மாற்றினேன். புதுசும் 56. ஒரு மணி நேரம் வீண். ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் சுற்றுகிறதா? இல்லை. ஒழுங்காக நிற்கிறது.

கொதிக்கிற வண்டி என்றால் ஓடி வருவார்கள். குளிர்ந்து கிடக்கிற எஞ்சினை யாரும் சீக்கு என்றே நினைப்பதில்லை. அது இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து டீசலை ஊற்றிக்கொண்டே இருக்கும். எரிந்தது போக பாதி புகை, பாதி ஆயிலுக்குள். கிளட்சுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சுகர் மாத்திரை மறந்துவிட்டேன். வீட்டுக்காரி ஸ்டெல்லா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

ஜூன் 11, புதன்

காலை ஏழு மணி, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே வேலை. மல்லிகா பஸ் பிடித்து வந்துவிட்டாள். மழைக்கு ஒதுங்கிய ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர்.

ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன். எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை அது சில்லென்று இருக்க வேண்டும். இது ஆரம்பத்திலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து வெதுவெதுப்பானது. அப்படியென்றால் நடுவில் தண்ணீரை மறிக்க வேண்டிய தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது. எஞ்சினை நிறுத்தி, அதன் மூடியைக் கழற்றினேன்.

உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் குழி.

"எந்த மடையன்டே இத ஊரி எறிஞ்சது?" என்று கத்தினேன். ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். அப்புறம் ஒரு பிரசங்கமே செய்தேன். வண்டி கொதித்தால் இதைக் கழற்றி வீசுவது, நம்ம வெயிலுக்கு இது எதுக்கு என்பது, இந்த ஊர் மெக்கானிக்குகளின் வைத்தியம் இதுதான், இவனுங்களுக்கெல்லாம் ஸ்பானர் ஒரு கேடா, இப்படியே. மல்லிகா குனிந்து அந்தக் குழியைப் பார்த்தாள். "பழைய வண்டிதான அண்ணாச்சி" என்றாள், அவ்வளவுதான்.

ஸ்பேர் கடைக்காரர், மலையாளமும் தமிழுமாக: "இது ஆரும் மேடிக்கில்ல சேட்டா. ஊரத்தான் செய்யும், போடாது." யாரும் வாங்குவதில்லையாம், கழற்றுவதோடு சரியாம். நாளைக்கு வரவழைத்துத் தருகிறாராம்.

ஜூன் 12, வியாழன்

தெர்மோஸ்டாட் போட்டாயிற்று. ஆயில், ஃபில்டர் மாற்றம். கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் சமம். எஞ்சின் தேயவில்லை. பயந்துகொண்டே இருந்தேன், பெரிய நிம்மதி. பத்து நிமிடத்தில் முள் நடுவுக்கு ஏறி நின்றது. 88. மல்லிகா ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தாள்.

சாயங்காலம் முருகேசன். விளக்கிச் சொன்னேன். "அப்போ கண்டவன் கையில வண்டியக் குடுத்திருக்கா. முள்ளப் பாக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு வண்டி? புரோக்கர் வரட்டும்." அவள் துணியெடுத்து முன் கண்ணாடியைத் துடைத்தாள். கோபப்பட்டாலாவது தேவலை என்றிருந்தது எனக்கு.

ஜூன் 13, வெள்ளி

மல்லிகா வண்டிக்குக் கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது என்று பழைய டைரிகளைப் புரட்டினேன். மூன்று வருடத்துக்கு முந்தையதும் கையோடு வந்தது. அதில், என் கையெழுத்தில்:

"பொன்முடி வழியில் வித்துரா தாண்டி மல்லிகா வண்டி கொதித்து நின்றது. பஸ்ஸில் போனேன். தெர். அடைத்துக்கொண்டது. கழற்றிவிட்டு ஓட்டி வந்தோம். அடுத்த வாரம் புதுசு போடணும்."

அடுத்த வாரம் ஸ்டெல்லாவுக்கு டெங்கு. அதற்கடுத்த வாரமும் அதுதான். தெர்மோஸ்டாட் பற்றி ஒரு எழுத்து கிடையாது. அதன்பின் எத்தனை சர்வீஸ் செய்தேன், ஒரு தடவை அந்த முள்ளைப் பார்த்தேனா?

அந்த மடையன் நான்.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? மத்தியானம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டு ஒரு பிரேக் ஷூவைத் தலைகீழாக மாட்டினேன். வெட்கமாக இருக்கிறது. மூன்று வருடமாக அவள் திட்டு வாங்கியது என் மறதிக்கு.

ஜூன் 14, சனி

மழை விட்டிருந்தது. பத்து மணிக்கு மல்லிகா, முருகேசன், புரோக்கர் மூன்று பேரும் வந்தார்கள். புரோக்கர் பானெட்டைத் திறக்கும்போதே சொல்லிவிட்டேன். "கழட்டினது நான். திருப்பிப் போட மறந்ததும் நான். அவ ஓட்டுனதுல ஒரு குத்தமும் இல்ல." டைரியையும் காட்டினேன். மார்த்தாண்டத்திலிருந்து வந்து முப்பது வருடத்தில் எந்தக் கஸ்டமரிடமும் என் தப்பை இப்படி ஒப்புக்கொண்டதில்லை.

முருகேசன் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தான். என்னைத் திட்டுவான் என்று நின்றேன். திட்டவில்லை. புரோக்கரிடம் "இப்ப விக்கல" என்றான். "ஹோட்டலுக்கு நேரமாச்சு." போய்விட்டான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

சாவியை நீட்டினேன். "அந்த வித்துரா சமாச்சாரம் ஒனக்கு ஞாபகமே வரல்லியா மக்ளே?"

"வந்துச்சு அண்ணாச்சி. எந்த மடையன்னு சத்தம் போட்டியள்ளா, அப்பவே."

"பின்ன எதுக்குச் சொல்லல்ல? இன்னும் ரெண்டு நாளு அவன் வாயில விழுந்தியே."

"ஆட்டோக்காரங்க நின்னாங்கள்ளா. நாலு பேரு முன்னால மடையன்னு பேரு வாங்குனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி."

பதினொன்றரைக்குச் சவாரி இருக்கிறது என்று கிளம்பினாள்.