இது எந்த நடுக்கம்

பிப்ரவரி 11

அன்புள்ள அத்தைக்கு,

முழங்கால் வலி தேவலையா? தொலைபேசியில் கூப்பிட்டால் உங்கள் மகள்தான் எடுக்கிறாள். என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு வாசலில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் பக்கத்தையும் ஒரு தடவை கேளுங்கள்.

போன மழைக்காலத்தில் அவள் எங்கள் பெண் வாலுவைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தாளே, அந்த வாரமே குடியை நிறுத்தினேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. அப்படியே இருந்தால் பள்ளி திறக்கும்போது திரும்பி வருவதாக அவள் சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் நாட்களை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

வாலுவுக்குக் கண் பவர் கூடியிருப்பதாக நீங்கள்தான் சொல்லி அனுப்பினீர்கள். கடையில் எத்தனையோ பேருக்கு மூக்குக் கண்ணாடி செய்கிறேன், என் பெண்ணுக்குச் செய்ய மாட்டேனா? லென்ஸை நானே தேய்த்து, நானே ஃபிரேமில் பொருத்தினேன். அன்றைக்குக் காலையில் பதற்றத்தில் சாப்பாடு இறங்கவில்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் பொறுப்பாகப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். இறங்கும்போதே சட்டை நனைந்திருந்தது. கை நடுங்கியது. வீடு தெரிந்த வீடுதான். இருந்தாலும் எந்தக் கதவு என்று ஒரு நிமிஷம் குழம்பி நின்றேன்.

அவள் கதவைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "திரும்பவும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், நாக்கு குழறியது. கண்ணாடிக் கூடு கையை விட்டு விழுந்தது. வாலு அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அத்தை. கதவு சாத்திக்கொண்டது.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து, ஜூஸ் கடைக்காரர் ஒரு கிளாஸ் பழரசம் குடிக்க வைத்தார். கொஞ்ச நேரத்தில் மனிதனாகிவிட்டேன். குடியை விட்டவனுக்கு வரும் நடுக்கம்தானோ என்று தோன்றுகிறது. ஆனால் இத்தனை மாதம் கழித்தா?

நீங்களாவது நம்புங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசீர்வாதம். கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வாசலில் கிடந்த கண்ணாடியை எடுத்து வந்தது நான்தான். வாலு அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறாள். "அப்பா செஞ்சது" என்று வகுப்பில் எல்லாரிடமும் காட்டினாளாம்.

நானும் அன்றைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதனால்தான் எழுதக் கை வரவில்லை. உங்கள் மாமனாரோடு நான் குப்பை கொட்டியது ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை. அவர் தெருமுனையில் திரும்பும்போதே எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று நடையை வைத்துச் சொல்லிவிடுவேன். நீங்கள் நின்ற நிலை எனக்குப் புதுசு இல்லை. அந்தக் குழறல், அந்த வியர்வை, அந்த வெறித்த பார்வை. அவரும் கடைசிவரைக்கும் "தொடவே இல்லை" என்றுதான் சொன்னார்.

நான் உங்களைத் திட்டவில்லை. குடித்திருந்தால் குடித்தேன் என்று எனக்கு மட்டுமாவது சொல்லுங்கள். அவளிடம் பக்குவமாகப் பேசிப் பார்க்கிறேன். அவளும் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாமல் அழுதாள். உங்கள் மேல் அக்கறை இல்லாதவள் எதற்கு அழப்போகிறாள்?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஆளைப் பார்த்தால் துரும்பாக இருக்கிறீர்கள்.

அன்புடன்,
அத்தை


மார்ச் 2

அத்தைக்கு,

குடிக்கவில்லை. இதை இன்னும் எத்தனை மொழியில் சொல்வது என்று தெரியவில்லை.

குடிக்காமல் இருந்தபோதும் குடிகாரன் என்றுதான் பெயர் என்றால், இவ்வளவு பாடுபட்டு வாயைக் கட்டிக்கொண்டு நான் யாருக்கு எதை நிரூபிக்கிறேன்? உங்கள் மகளிடம் பக்குவமாகப் பேச வேண்டாம். ஒன்றுமே பேச வேண்டாம்.

வாலுவின் ஃபிரேம் வலது பக்கம் தளர்ந்தால் அங்கேயே ஏதாவது கடையில் கொடுத்து முடுக்கச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 30

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கோபத்தில் இதைப் படிக்காமல் கிழித்துவிடாதீர்கள். முழுக்கப் படித்துவிட்டு வேண்டுமானால் கிழியுங்கள்.

எனக்கும் சர்க்கரை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். போன வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். சாப்பிடாமல்தான் கிளம்பினேன், ஆனால் பழக்க தோஷம், எழுந்ததும் மாத்திரையைப் போட்டுவிட்டேன். அங்கே போனால் ஒரு ஊரே வரிசையில் நிற்கிறது. நின்றேன், நின்றேன், பிறகு என்ன நடந்தது என்று எனக்கு அரைகுறையாகத்தான் நினைவு இருக்கிறது.

கவுண்டரில் இருந்த பெண்ணை வாய்க்கு வந்தபடி ஏசினேனாம். இருபத்தைந்து வருஷம் டைப்பிங் வகுப்பு எடுத்து, ஒரு பிள்ளையையும் 'வாடி போடி' என்று பேசாத நான், அந்தப் பெண்ணை என்னவெல்லாமோ சொன்னேனாம். வார்த்தை குழறியதாம். கால் பின்னியதாம். வாசல் காவலாளி பக்கத்தில் இருந்தவரிடம், "பாட்டி காலையிலயே போட்டுட்டு வந்திருக்கு போல" என்றது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. கூட வந்த என் மகள் என்ன செய்தாள் தெரியுமா? என் வாயை மோந்து பார்த்தாள்! பெற்ற தாயின் வாயை!

நல்லவேளையாக அது பரிசோதனைக் கூடம். விரலைக் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை அதல பாதாளத்துக்குப் போயிருந்தது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் நான் நானானேன். முதல் வேலையாக அந்தக் கவுண்டர் பெண்ணின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "அம்மா, அவர் அன்னைக்கு இப்படியேதான் நின்னார்" என்றாள். "அவர்கிட்ட வாசனையே வரலம்மா. எனக்கு அப்பவே தெரிஞ்சுது. வாசனை வராத சரக்கு ஏதோ குடிச்சிருக்கார்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

மாப்பிள்ளை, நீங்கள் சொன்னதை நான் நம்பியிருக்க வேண்டும். சீக்கிரம் ஒரு டாக்டரைப் பாருங்கள். மாத்திரை அளவு கூடுதலோ என்னவோ. உடனே பதில் போடுங்கள்.

அன்புடன்,
அத்தை


ஏப்ரல் 21

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கடை முதலாளிதான் கட்டிலுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். வாயை மோந்து பார்த்த இடத்தில் நான் சிரித்த சிரிப்புக்கு நர்ஸ் ஓடி வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து அவள் சொன்னதைப் படித்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

இப்போது நான் எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது. உங்கள் வாசலில் நின்ற அன்றைக்கு நான் குடிக்கவில்லை. அது சத்தியம். ஆனால் உங்களுக்கு அந்தக் கோபக் கடிதத்தை எழுதித் தபாலில் போட்ட கையோடு குடித்தேன். அதற்குப் பிறகு நாள் தவறவில்லை. யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் சாப்பிடாமலே குடித்துவிட்டுப் படுத்தேன். காலையில் வழக்கம்போல மாத்திரை மட்டும். கடையில் ஒரு பெரியவரின் கண்ணாடியை மூக்கில் சரியாக உட்காரும்படி சரிசெய்துகொண்டிருந்தேன். கை உதறியது. ராத்திரி சரக்கு இறங்குகிறது, இன்னும் ஒரு வாய் போட்டால் நின்றுவிடும் என்று நினைத்தேன். அப்படித்தானே எப்போதும் நிறுத்துவேன். எழுந்தது தெரியும், விழுந்தது தெரியாது.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நாம் சாப்பிடாத நேரத்தில் கல்லீரல்தான் ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுத்து ஆளை நிறுத்தி வைக்குமாம். சரக்கு உள்ளே போனால், அதைக் கரைக்கவே அதற்குப் பொழுது சரியாகிவிடுமாம். வயிறும் காலி, மேலே மாத்திரையும் என்றால் கேட்கவே வேண்டாம். குடித்து முடித்துப் பல மணி நேரம் கழித்துக்கூடச் சர்க்கரை இறங்குமாம். "அப்போ என் நடுக்கம் எல்லாமே சர்க்கரைதானா டாக்டர்?" என்று ஆசையாகக் கேட்டேன். அவர் சிரித்தார். "அப்படி நைசா நழுவ முடியாது. குடியை நிறுத்தினாலும் வேர்க்கும், நடுங்கும், படபடக்கும். சர்க்கரை இறங்கினாலும் அதேதான். மூஞ்சிய பார்த்து நானே சொல்ல முடியாது. விரல குத்திப் பாருங்க" என்றார்.

இந்தத் தடவை நானாக வீம்புக்கு நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். தினமும் குடித்தவன் சட்டென்று விட்டால் வலிப்புகூட வருமாம். வார்டில் வைத்துக்கொண்டு, மருந்து கொடுத்து, சர்க்கரை மாத்திரையையும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். விரல் குத்தும் மெஷின் ஒன்று வாங்கிக்கொண்டேன். வாராவாரம் போய்க் காட்ட வேண்டும்.

அவளிடம் சர்க்கரைக் கதையை மட்டும் சொல்லி என்னை நல்லவனாக்கிவிடாதீர்கள், அத்தை. சொன்னால் இரண்டையும் சொல்லுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


மே 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இரண்டையும் சொன்னேன். சொல்லவா வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்தேன். சர்க்கரையை மட்டும் சொன்னால் அவள் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பாள். ஆனால் நீங்கள் கேட்டுக்கொண்டபடி கடிதத்தையே கையில் கொடுத்துவிட்டேன்.

படித்து முடித்து ரொம்ப நேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்துப் பிரித்து மடித்தாள். பிறகு, "நான் கதவ சாத்தினதாலதான் குடிச்சாராமா?" என்றாள். "அப்படி ஒரு வரிகூட அவர் எழுதலியே" என்றேன். "அதான் பார்க்கிறேன்" என்றாள்.

கோபமும் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். "ஊருக்கே கண் தெரிய வைக்கிற மனுஷனுக்குத் தன் வயிறு காலியா இருக்கறது தெரியாதா?" என்று ஒரு பாட்டம் பொரிந்து தள்ளினாள். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். இத்தனை மாதமாக அவள் உங்களைப் பற்றிக் கத்தக்கூட இல்லை. அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வாலுவைக் கூட்டிக்கொண்டு உங்கள் கடைக்கு வருகிறாள். வீட்டுக்கு இல்லை, கடைக்கு. ஃபிரேம் தளர்ந்துவிட்டதாம், வேறு கடையில் கொடுக்க வாலு சம்மதிக்கவில்லையாம். இதற்கு மேல் என்னை ஒன்றும் கேட்காதீர்கள். நான் வரவில்லை. நடுவில் நின்று நாட்டாமை செய்யும் வயது எனக்குத் தாண்டிவிட்டது.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
அத்தை


மே 12

அன்புள்ள அத்தைக்கு,

வந்தார்கள். நீங்கள் அவளிடம் தோண்டித் துருவிக் கேட்டாலும் முழுசாகச் சொல்ல மாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன்.

வாலு ஒரு சாண் வளர்ந்திருக்கிறாள். கடையில் இருக்கிற அத்தனை ஃபிரேமையும் மாட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடியோடு மகாராணி மாதிரி சோபாவில் உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய ஃபிரேமை வாங்கி விளக்கின் கீழே வைத்தேன். அரிசியில் பாதிகூட இருக்காது அந்தத் திருகாணி. இடுக்கியால் எடுத்தேன், நழுவியது. மறுபடி எடுத்தேன். கை நிற்கவில்லை. நெற்றி வேர்த்தது.

உங்கள் மகள் கைப்பையைத் திறந்து ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது அவளுக்கு.

"இரு, பார்த்துட்டு சாப்பிடறேன்" என்று மெஷினை எடுத்தேன். விரலைக் குத்தினேன். இரண்டு பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சர்க்கரை நன்றாகவே இருந்தது, அத்தை. நீங்கள் சொன்னபடி சாப்பிட்டுவிட்டுத்தானே போயிருந்தேன்.

"நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

"ஆமா. இது அது இல்ல."

"அப்போ?"

"இது மத்தது."

மிட்டாயை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தாள். "இப்ப வேணும்போல இருக்கா?"

"ரொம்ப."

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். வாடிக்கையாளர் முக்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "குத்திப் பார்க்காம சர்க்கரைன்னு சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேன்" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

"ஃபிரேமை நான் பிடிச்சுக்கறேன். நீங்க முடுக்குங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

முடுக்கினேன். நழுவியது. முடுக்கினேன். ஒரு திருகாணிக்கு அவ்வளவு நேரம் என் தொழிலில் எடுத்துக்கொண்டதில்லை. முடித்து நிமிர்ந்தபோது நடுக்கம் எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை.

பள்ளி திறக்கும்போது வருவதைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். வாலுவை ஏற்றிவிட்டுப் படியில் கால் வைத்தவள் திரும்பி, "அடுத்த ஞாயித்துக்கிழமையும் கடை உண்டா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடை கிடையாது, அத்தை. அன்றைக்கு அவர்களுக்காகத்தான் முதலாளியிடம் சாவி கேட்டு வாங்கித் திறந்திருந்தேன்.

உண்டு என்று சொல்லிவிட்டேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை