படையலில் வைத்த பாட்டு

செந்தூர் முருகன் துணை

தூத்துக்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் செந்தூர்வேலுக்கு அம்மா எழுதுவது.

நேற்று உன் தங்கை அனுசியாவின் வருஷத் திதி. வீட்டில் இருந்தவர்கள்: நான், உன் அப்பா, பொன்னுதுரை மாமா, சீனித்தாய் அத்தை. பூ கொடுக்க வந்த பக்கத்து வீட்டு ரம்யாவும் அப்படியே நின்றுவிட்டாள். ஆக ஐந்து பேர். நீ வருவாய் என்று ஓர் இலை கூடுதலாக நறுக்கி வைத்திருந்தேன்.

நீ பாடிப் பதிந்து என் போனுக்கு அனுப்பிய பாட்டுகளைக் கேட்டாயா கேட்டாயா என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் அப்பாதான் வீட்டில் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவளை எடுத்துப் போன பிறகு நீ பெங்களூரிலிருந்து வந்து நின்றபோது, "கச்சேரி முடிஞ்சிதாலே?" என்று வாசலில் வைத்துக் கேட்டாரே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்தேன். நீயும் அன்று போனவன்தான்.

நேற்று வடை, பாயசம், அவளுக்குப் பிடித்த மக்ரூன், ஒரு பச்சைச் சேலை எல்லாம் வைத்துப் படைத்தோம். அவள் வந்து சாப்பிடக் கதவைச் சாத்துகிற நேரம், அப்பா என் போனை வாங்கி, உன் பாட்டைப் போட்டு, அவள் படத்துக்கு முன்னால் வைத்தார்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "சாவு விழுந்த துட்டி வீட்டுல பாட்டா? ஊரு சிரிக்கும், மைனி" என்றாள். மாமா சும்மா இருப்பாரா? "மருமவன் கிடார வாசிக்கானா, கம்பிய அறுக்கானான்னே தெரியாது. புள்ள பயந்து ஓடிரப் போவுது அத்தான்" என்றார்.

"எல்லாத்தையும் மொதல்ல அவளுக்குத்தான வைக்கோம்? இதயும் அவ மொதல்ல கேக்கட்டும். பொறவு நாம கேப்போம்" என்று சொல்லி அப்பா கதவைச் சாத்தினார். இத்தனை நாளும் என்னை ஏன் கேட்கவிடவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வெளியே நின்ற எங்களுக்கும் பாட்டு கேட்டது. ப்ளூஸ் என்று நீ அறைக்குள் அலறவிடுவாயே, அது ஒன்றுகூட இல்லை. எல்லாம் மெதுவான பாட்டு, நம் பக்கத்து நாட்டுப்பாட்டு.

கடைசியில் உப்பளத்துப் பாட்டு வந்தது. நீ கேள்வி பாட, அனுசியா பதில் பாடுவாளே, அதுதான். நீ பாடி நிறுத்தினாய். அவள் பாட வேண்டிய இடத்தில் கிடார் மட்டும் மெல்லப் போனது. அடுத்த தடவையும் அப்படியே. அதற்கும் அடுத்த தடவை, கதவில் நெற்றியை வைத்து நின்ற அப்பா அவள் அடியைப் பாடினார். ராகமும் இல்லை, தாளமும் இல்லை. அவருக்கு அந்த அடிகள் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

சாப்பிடும்போது, "அந்த எடத்த அவளுக்காவத்தான் விட்டிருக்கானா? கேட்டு எழுது" என்றார். போன் போட்டுத் தரட்டுமா என்றேன். வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

உனக்கென்று நறுக்கிய இலையை நான் வெளியே போடப் போனேன். அவர் வாங்கிச் சுருட்டி பிரிட்ஜில் வைத்துவிட்டார்.

திருச்செந்தூரான் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். இலை இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. அப்பா கேட்டதற்குச் சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா