பதியுதீன் காக்காவுக்குச் சொன்ன பதில்

ஏறாவூர்,
வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பிறகு.

அன்பு மகள் றுக்ஷானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம், உன் உடம்புக்கும் மனதுக்கும் அவனே காவல். மெல்பனில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, வாவிப் பக்கமிருந்துகூடக் காற்று இல்லை. போனில் பேசினால் உம்மா இடையில் புகுந்து அழுவாள், நீயும் அழுவாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன், முடித்ததும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுகிறேன்.

போன கிழமை, நாங்கள் உனக்குப் பார்த்த டோஹா மாப்பிள்ளை றிஷாட்டோடு வீடியோவில் பேசிய பிறகு நீ ஒரே வரி அனுப்பினாய், அவர் நல்லவர்தான் வாப்பா, ஆனா எங்களுக்குள்ள கெமிஸ்ட்ரி இல்ல என்று. அதை வாசித்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உனக்கு இரசாயனவியல் படிப்பித்தவனே நான். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அமிலமும் காரமும் சொல்லிக்கொடுத்துவிட்டு இந்த ஒரு வரி விளங்காமல் திரிகிறேன். டிவியில் ஜோடியாகப் பாடியவர்களைப் பார்த்து நடுவர் கெமிஸ்ட்ரி பிரமாதம் என்கிறார், கிரிக்கெட்டில் இரண்டு பேர் ஒழுங்காக ஓடி ஓட்டம் எடுத்தாலும் அதையே சொல்கிறார்கள். இரசாயன உரத்தைத் தடை செய்து வயல் வட்டையெல்லாம் மஞ்சளித்துப்போன வருடம் இரசாயனம் என்றாலே நஞ்சு என்று பேசினார்கள், இப்போது அது இல்லாவிட்டால் கலியாணமே இல்லையாம், நான் எதைத்தான் நம்புவது? நான் படித்த வரைக்கும் சிலது தொட்டவுடன் பற்றும், சிலது மெதுவாக நடக்கும், இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி. உதாரணம் சரியில்லை, விடு. நாங்களும் றிஷாட் வீட்டாரும் அதே வீடியோ கோலில் தலையை நீட்டிக்கொண்டிருக்க, அரை மணி நேரத்தில் அது இருக்கிறதா இல்லையா என்று நீ எப்படிக் கண்டாய் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

றிஷாட்டின் வாப்பா பதியுதீன் காக்கா எனக்கு அண்ணன் மாதிரி, எத்தனை காலத்துக் கூட்டாளி என்று உனக்குத் தெரியும். இன்றைக்கு ஜும்ஆ முடிந்ததும் பதில் சொல்வதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பிள்ளை கொஞ்சம் யோசிக்கிறாள், சரிவரும் என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். நேற்று உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது சும்மா கேட்டேன், நமக்குள் கெமிஸ்ட்ரி இருந்ததா என்று. நீங்கதானே அதப் படிப்பிச்ச ஆள், என்னட்டக் கேக்கிறீங்களே என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கலியாணம் முடிச்ச புதுசில உங்களக் கண்ணில காட்டக் கூடாது எனக்கு என்றாள். இத்தனை காலமும் இது எனக்குத் தெரியாது மகள். அவளோ மீனைப் பார்த்தபடியே சொன்னாள், மனசு ஒட்ட ஒரு வருசம் போச்சு, அதுவும் நீங்க எங்கட வீட்டுக்கு வந்த ஆள், நான் எங்கட உம்மாட அடுப்படியிலதான் இருந்தன், கோவம் வந்தா உம்மாட மடியில போய்ப் படுத்தன், இவள டோஹாவுக்கு அனுப்பினா ஆருட மடியில போய்ப் படுக்கிற?

நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான், நானும் அப்படித்தான் வந்தேன். அந்த வழக்கத்துக்காகவே உனக்குப் பக்கத்து வளவில் வீடு கட்டி டைலும் பதித்துக்கொண்டு, அதே வாயால் உன்னை வேறு நாட்டில் அவன் எடுத்திருக்கிற பிளாட்டுக்கு அனுப்பவும் பேசியிருக்கிறேன். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது என்று நேற்றுவரை எனக்குத் தோன்றவேயில்லை.

ஜும்ஆ முடிந்து பதியுதீன் காக்கா சிரித்துக்கொண்டே வந்தார். விளக்கமெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், வாயில் வந்தது இவ்வளவுதான்: காக்கா, மகளுக்கு மனமில்ல, குறையா எடுக்காதீங்க. அவர் என் தோளைத் தட்டிவிட்டு, நாங்கள் வழக்கமாகக் குடிக்கிற பிளேன்டீக்கு நிற்காமல் போய்விட்டார். மனது சுடுகிறது, உன்னிடம் மறைப்பானேன். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

கெமிஸ்ட்ரி என்றால் என்னவென்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. அது வந்தால் உனக்கு எப்படித் தெரியும், கை சுடுமா, நிறம் மாறுமா? தெரிந்தால் இந்தக் கிழட்டு மாஸ்டருக்கும் எழுது. அப்படி ஒருவர் வந்தால் உன்னை எங்கே குடியிருக்கக் கூப்பிடுகிறார் என்பதையும் கேட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, அல்லாஹ் உன் மனதுக்கு நல்லதையே காட்டுவான். டைல் பதிக்கிற மேசன் பாஸ் நாளைக்கு வருகிறார், குசினிக்கு என்ன நிற டைல் என்று மறக்காமல் சொல். மாப்பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் அந்த வீடு உன்னுடையது, உம்மாவின் மடியும் பக்கத்து வளவில்தான் இருக்கிறது.

துஆக்களுடன்,
உன் வாப்பா
உசனார்