சீப்பு அக்காவின் தலைமுடி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவும் இப்போது நலம். அந்த ‘இப்போது’வை விளக்கத்தான் இந்தக் கடிதம். படித்து முடிக்கும்வரை கோபப்படாதே.

போன மாதம் அம்மா ஆஸ்பத்திரிப் படியில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. உனக்குச் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். சிக்னலை மீறியதில்லை, அவள் பேச்சையும் மீறியதில்லை. இன்றுதான் மீறுகிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான். இருபத்துமூன்று வருஷமாக, காலை ஆறரைக்கெல்லாம் பெண்கள் வார்டில் இருப்பாள். கவனிக்க ஆளில்லாதவர்களுக்குத் தலை வாருவாள், நகம் வெட்டுவாள், கை நடுங்குகிறவர்களுக்கு ஊட்டிவிடுவாள். யாரும் கூப்பிடவில்லை, சம்பளமும் இல்லை. அங்கே எல்லாருக்கும் அவள் சீப்பு அக்கா. அதே வார்டில் ஏழாம் கட்டிலில் அவளைப் படுக்கவைத்தார்கள்.

இப்படி முரண்டு பிடிக்கிற நோயாளியைப் பார்த்ததில்லை என்று நர்ஸ் என்னிடம் புலம்பினாள். தாகமெடுத்தாலும் தண்ணீர் கேட்கமாட்டாள். தலையை யாரும் தொடக்கூடாது. பத்து நாளில் முடி சிக்குப் பிடித்துப்போனது. நான் சீப்பை எடுத்தபோது, ஸ்டியரிங்கைத் திருப்பின கை, தலையையும் திருகிவிடும் என்று விரட்டினாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தையற்காரம்மா, காலில் கட்டோடு. பதினோராம் நாள் காலை ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து வந்தாள். எனக்குப் பொழுது போகல, உங்களுக்குச் சிக்குப் போகல, கொஞ்சம் திரும்பி உட்காருங்க என்றாள். நூல் சிக்கை எடுத்துப் பழகிய விரல்கள். ஒரு மணி நேரம் ஆனது. பின்னி முடிக்கும்போது அம்மா அழுதுகொண்டிருந்தாள். வலிக்குதா என்று அவள் பதறிக் கேட்டாள். அம்மா சொன்னாள்: என் பொண்ணு ஏழு வயசுலயே தானா பின்னிக்கக் கத்துக்கிட்டா. வகிடு கோணலா இருக்கும். நான் இங்க வந்துடுவேன். ஒரு நாளும் அவளை உட்காரவெச்சு வாரிவிடலையே.

நான் பிளாஸ்க்கோடு வாசலில் நின்றிருந்தேன். அந்தக் கோணல் வகிட்டை உன் சின்ன வயதில் நானும்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். அதில் என் பங்கும் உண்டு.

எல்லாருக்கும் அக்கா, எனக்கு மட்டும் அம்மா இல்லை என்று, வெளிநாடு கிளம்பிய அன்று விமான நிலையத்தில் நீ சொன்னாய். அப்படிப் பேசுவது நியாயமில்லை என்று உன்னைக் கண்டித்தேன். நீ சொன்னது நியாயம்தான். ஆனால் ஒரு மாதம் அந்த வார்டில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். மூன்று வாரமாக வாயே திறக்காத ஒரு பாட்டி, அம்மா எப்போ எழுந்து வருவாள் என்று என்னிடம் கேட்டாள். அதுவும் நியாயம்தான். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. வாக்கரைப் பிடித்து வாசல்வரை நடக்கிறாள். ஆறு வாரம் ஓய்வு என்றார் டாக்டர். தலை வாருவது ஓய்வில் சேருமா என்று அவரிடமே கேட்டாள். இப்போது அவளுடைய சீப்புப் பையைத் தூக்கிக்கொண்டு, டிஸ்சார்ஜ் ஆகிவிட்ட தையற்காரம்மாதான் ஊன்றுகோலோடு வார்டுக்குப் போகிறாள். நம் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் அவளோடு சேர்ந்திருக்கிறார்கள்.

அதனால் காலையில் அம்மாவுக்கு வேலை இல்லை. போனை எடுக்கிறாள், உன் நம்பரைப் பார்க்கிறாள், வைத்துவிடுகிறாள். என்ன பேசுறது என்று என்னைக் கேட்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிடு. யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேள், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். நான் காய்கறி வாங்கக் கிளம்பிவிடுவேன். நீங்கள் பேசி முடிக்கும்வரை வீட்டுக்குள் வரமாட்டேன், மழை பெய்தாலும்.

மனசில் பாரமில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா