அம்மா வருவதற்குள்

உறையூர்,
புதன்கிழமை.

அன்புள்ள அனுசுயாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பாதிதான் உண்மை என்பதால் எழுதவில்லை. நானும் பிள்ளைகளும் இருக்கிறோம். நீ அங்கே உடம்பு சுகத்தோடு இருக்க வெக்காளியம்மன் துணை.

வெள்ளிக்கிழமைதோறும் போனில் பேசத்தானே செய்கிறோம், இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். நீ வேலை செய்கிற வீட்டம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். தமிழ் தெரியாதவள்தான். ஆனால் நீ அழுதால் தெரிந்துவிடும், அடுத்த வாரம் போன் உன் கைக்கு வராது. இந்தப் பக்கம் சுபாவும் பாலுவும் என் தோளில் தொங்கிக்கொண்டு நிற்கிறார்கள். போனில் உன் முகம் தெரியாது என்று எத்தனை சொன்னாலும் பாலு குளித்து, பவுடர் போட்டு, தலைவாரிக்கொண்டுதான் வந்து உட்காருகிறான். அவர்களை வைத்துக்கொண்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது. நம் தெரு மஹ்ஜபீன் அக்கா லீவு முடிந்து சனிக்கிழமை குவைத்துக்குக் கிளம்புகிறார். உன் வீட்டம்மாவின் தங்கை வீட்டில்தானே அவருக்குச் சமையல் வேலை. இரண்டு குடும்பமும் கூடும் நாளில் உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். தனியாக இருக்கும்போது படி.

என் காலைப் பற்றி முதலில் கேட்பாய். ஆட்டோ கவிழ்ந்தபோது உள்ளே வைத்த கம்பி மழை வந்தால் குடைகிறது. மற்றபடி சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டூவீலர் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற வேலைக்கு இந்தக் கால் போதும். சமையலில் தேறிவிட்டேன். ரசம் மட்டும் இன்னும் வசப்படவில்லை. பாலு அதற்குச் சுடுபுளித்தண்ணி என்று பேர் வைத்திருக்கிறான். உன் வாய் அப்படியே அவனுக்கு.

சுபா விஷயத்துக்கு வருகிறேன். அவள் இப்போது எழுந்து நடமாடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். இந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு மேலே படி.

நம் பெண் பெரியவளாகிவிட்டாள், அனு. பொங்கல் முடிந்த வாரமே. எனக்குத் தெரிந்தது ஆடி மாதத்தில்.

காலைப் பிரார்த்தனையில் நின்றவள் அப்படியே மயங்கி விழுந்துவிட்டாள். விஜயராணி டீச்சர்தான் போன் செய்தார். நான் போய்ச் சேர்வதற்குள் அவரே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். நெருப்பாய்க் காய்ச்சல். ரத்தம் ஏழுக்கு இறங்கிவிட்டது என்றார்கள். பிள்ளை சாப்பிடுகிறாளா என்று டாக்டரம்மா கேட்டபோது, நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டீச்சர்தான் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். ஆறு மாதமாக யாருக்கும் தெரியாமல் உன் பழைய புடவையைக் கிழித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். வெயிலில் காயப்போட்டால் கண்ணில் படும் என்று கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஈரத்தோடு போட்டு எடுத்திருக்கிறாள். அதில் வந்த காய்ச்சல். பள்ளிக்கூடத்தில் நாப்கின் இலவசமாகவே தருகிறார்கள். வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அதையும் வாங்கவில்லை.

அப்பனிடம் சொல்லக் கூச்சப்பட்டிருப்பாள் என்றுதான் நான் நினைத்தேன். நீயும் இந்த இடத்தில் அப்படித்தான் நினைப்பாய்.

பெண் பெரியவளானால் முதலில் தாய்மாமனுக்குச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே பக்கத்து வீட்டுப் பாக்கியமேரி அக்காவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு மண்ணச்சநல்லூர் பஸ் ஏறிவிட்டேன். சுபாவிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. உன் தம்பி சிவசங்கர் ரைஸ் மில் வாசலில் தவிடு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். நீ விமானம் ஏறிய நாளிலிருந்து என்னோடு பேச்சில்லையே. விஷயத்தைக் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "ஸ்ரீரங்கத்துத் தாயாரே படி தாண்டுறதில்ல. எங்க அக்காவைக் கடல் தாண்டி அனுப்பிட்டு, இப்ப முறை செய்யக் கூப்பிட வந்திருக்கீங்க." எனக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

ஆனால் மறுநாள் காலையில் வந்து நின்றான், அனு. மொபெட்டில் பச்சைத் தென்னை ஓலைக் கட்டு, பின்னால் அவன் பெண்டாட்டி மடியில் உளுந்து, நல்லெண்ணெய், பட்டுப்பாவாடை. தெருவே எட்டிப் பார்த்தது. வாசல் ஓரத்தில் குடிசை கட்ட அவன் ஓலையை விரித்ததுதான் தாமதம், சுபா உள்ளே ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பாக்கியமேரி அக்கா தட்டினார், நான் தட்டினேன், திறக்கவில்லை. தன்மேல் கோபம் என்று நினைத்துச் சிவசங்கர் கதவுக்குப் பக்கத்தில் போய்க் கெஞ்சினான். உள்ளேயிருந்து சொல்கிறாள், "எனக்கு ஒண்ணும் ஆகல மாமா. நான் சின்னப் பொண்ணுதான். ஓலைய எடுத்துட்டுப் போங்க."

தெருவில் ஒருத்தி சிரித்தாள். உன் தம்பி ஓலையை ஒவ்வொன்றாக அடுக்கி மறுபடி கட்டினான்.

எல்லோரும் போனபிறகு கதவில் சாய்ந்து உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து அவள் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. அழுகையோடு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீ பெரிய மனுஷி ஆகறதுக்குள்ள வந்துடுவேன்னு அம்மா ஏர்போர்ட்ல சொல்லிட்டுப் போச்சுப்பா. நான் ஆகிட்டா அம்மா சொன்னது பொய்யாயிடும்ல. அம்மா வரட்டும், அப்புறம் ஆகிக்கிறேன்."

சாப்பாட்டைக் குறைத்தால் அது நின்றுவிடும் என்று வகுப்பில் எவளோ சொல்லியிருக்கிறாள். அதை நம்பி இவள் ஆறு மாதமாகத் தன் தட்டில் இருந்ததையெல்லாம் தம்பி தட்டில் தள்ளியிருக்கிறாள். பாலு உருண்டு திரண்டு வருகிறான், என் கைப்பக்குவம் என்று நான் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். அப்படி ஒரு வார்த்தையை ஏன் கொடுத்தாள் என்று பல்லைக் கடித்தேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. இடுப்பைக் கட்டிக்கொண்டு விடாத பிள்ளையிடம் எதையாவது சொல்லித்தானே நீ கையை விடுவித்துக்கொண்டு போயிருக்க முடியும். என்னைக் கேட்டிருந்தால் அதைவிடப் பெரிய பொய் சொல்லியிருப்பேன்.

கடைசியில் அவளும் நானும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். நீ வரும்வரை அவள் பெரியவளாகவில்லை. சடங்கு கிடையாது, யாரும் வாய் திறக்கக்கூடாது. பதிலுக்கு அவள் மூன்று வேளையும் என் கண்முன் சாப்பிட வேண்டும், மாத்திரை விழுங்க வேண்டும், பாக்கியமேரி அக்காவிடம் மட்டும் எதையும் மறைக்கக்கூடாது. சிவசங்கரிடம் இதை எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டேதான் போனேன். கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்ப நானும் வரலைன்னு வச்சுக்குங்க மாமா. அக்கா வந்ததும் புது ஓலை வெட்டிட்டு வரேன்" என்றான். பட்டுப்பாவாடையை மட்டும் கொஞ்சம் பெரிய அளவாக மாற்றி வைத்துக்கொள்கிறானாம்.

வெள்ளிக்கிழமை காலை.

இதோடு முடித்து ஒட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று அவளை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் ஏறியிருக்கிறது. டாக்டரம்மா சுவரோடு நிற்க வைத்து உயரம் எடுத்தார், நன்றாக வளர்ந்திருக்கிறாளே என்று கன்னத்தைத் தட்டினார். எனக்குச் சந்தோஷம். இவள் முகம் வாடிப்போய்விட்டது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவள் உறையூர் இறங்கும்போது கேட்டாள். "அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியும்லப்பா?"

தெரியும் என்றேன். வேறு என்ன சொல்வேன்.

பேசின இரண்டு வருஷம் முடிந்தும் வீட்டம்மா பாஸ்போர்ட்டைத் தரவில்லை, இன்னும் ஒரு வருஷம் இரு என்கிறாள் என்று போன வாரம் சொன்னாய். பிள்ளைகள் காதில் விழுமே என்று நான் சரி, சரி என்றேன். சரியில்லை, அனு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறேன். இங்கிருந்து முடிந்ததைச் செய்வேன். எம்பஸிக்குப் போகும் வழி மஹ்ஜபீன் அக்காவுக்குத் தெரியும். உனக்குப் பயம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. அந்த வீட்டில் ஒருத்திகூட உன் பக்கம் இல்லாத இடத்தில் நின்று பாஸ்போர்ட்டைக் கேள் என்று சொல்வது எனக்குச் சுலபம்தான். இருந்தாலும் கேள்.

இது கைக்கு வந்த பிறகு வருகிற வெள்ளிக்கிழமையில் சுபாவிடம் எதையும் விசாரிக்காதே. குரல் உடையக்கூடாது. சாப்பிட்டாயா என்று மட்டும் கேள், சாப்பிட்டேன் என்பாள், இப்போது அது உண்மை. நீ வந்து இறங்குகிற அன்று அவளே உன் காதில் சொல்வாள். அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவளைப் போல ஆச்சரியப்படு. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, இதை நான் எழுதவில்லை, நீ படிக்கவில்லை.

அம்மன் உன்னைக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சுபா வளராமல் இருக்கப் பட்டினி கிடந்து பார்த்துவிட்டாள், அனு. இனி வளர்வதை நிறுத்த அவளாலும் முடியாது, என்னாலும் முடியாது. சீக்கிரம் வா.

உன்,
அரவிந்தன்.