பிற்பகல் இரண்டரை மணி மீது ஒரு புகார்

அனுப்புநர்:
கா. ஞானசேகரன்,
(ஓய்வுபெற்ற பேருந்துப் பணிமனை மேற்பார்வையாளர், தற்சமயம் திருமதி ரஞ்சிதத்தின் கணவர் மட்டும்),
எட்டாம் மாடி, புக்கிட் பாஞ்சாங்,
சிங்கப்பூர்.

பெறுநர்:
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள்,
மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவு,
புக்கிட் தெலாகா மருத்துவமனை,
சிங்கப்பூர்.

பொருள்: என் மனைவி திருமதி ரஞ்சிதத்தின் கைகள் நன்றாக இருப்பதாகக் கூறி முடித்துவைக்கப்பட்ட சிகிச்சையை மீண்டும் தொடங்கி, அவரைக் காலை வேளையில் பார்க்கக் கோருவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தமிழ் இந்நாட்டின் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. அந்த உரிமையை என் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் சேமித்து வைத்திருந்தேன். அவ்வளவையும் இந்த ஒரே மனுவில் செலவிடப்போகிறேன் என்பதால், தாங்கள் ஒரு கோப்பி வரவழைத்துக்கொண்டு படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் மனுதாரரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நான் மிகைப்படுத்திப் பேசுகிறவன். தேக்கா சந்தையில் நான் வாங்கும் கானாங்கெளுத்தி, ரயிலில் புக்கிட் பாஞ்சாங் வந்து சேர்வதற்குள் சுறாவாக வளர்ந்துவிடும். நான் பழுதுபார்த்த பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் ஜொகூர் பாலத்தைத் தாண்டி ஈப்போ வரை போகும் என்று பல காலமாகச் சொல்லி வருகிறேன். கேட்பவர்களும் நம்பாமலேயே தலையாட்டி வருகிறார்கள். இந்த மனுவிலும் அந்தப் பழக்கம் ஆங்காங்கே தலைகாட்டும். ஆனால் என் மனைவியின் கைகளைப் பற்றி எழுதும் இடங்களில் ஒரு சொல்லைக்கூட ஊதிப் பெருக்கவில்லை என்று உறுதி கூறுகிறேன். அந்த இடங்களைத் தாங்களே அடையாளம் கண்டுகொள்ளலாம். அங்கெல்லாம் என் தமிழ் களையிழந்து இருக்கும்.

என் மனைவிக்குச் சில ஆண்டுகளாக முடக்குவாதம். ருமட்டாய்ட் என்று மருத்துவர்கள் சொல்வது. வயதானால் எல்லாருக்கும் வரும் மூட்டுத் தேய்மானம் இல்லை இது. உடம்பின் காவல்படையே ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளைத் தாக்குகிற நோய் என்று விளக்கினார்கள். மருந்தை வாராவாரம் தவறாமல் சாப்பிடுகிறார். அப்படியும் காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்குவதில்லை. மடங்கியவை நிமிர்வதில்லை. குழாயைத் திருக முடியாது. பல் துலக்கும் பிரஷை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்துக்கொள்வார். வெளியே போகிற நாட்களில் ரவிக்கைக் கொக்கிகளை நான் மாட்டிவிடுகிறேன். பதினோரு மணிவாக்கில்தான் விரல்கள் ஒவ்வொன்றாக வேலைக்குத் திரும்பும். மதியத்துக்கு மேல் அவரைப் பார்ப்பவருக்கு நோயாளி என்றே தெரியாது.

வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. மூட்டு மருத்துவர் அவரைத் தங்கள் பிரிவுக்கு அனுப்பிவைத்தார். கைகளை அன்றாட வேலைக்குப் பழக்கும் சிகிச்சை ஒன்று, உடற்பயிற்சிச் சிகிச்சை ஒன்று, இரண்டும் ஒரே நாளில். தாங்கள் கொடுத்த நேரம் காலை எட்டரை. அதை மாற்றச் சொன்னவர் என் மனைவி. எங்கள் மகள் தாரணியிடம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “எட்டரைக்குப் போனா நான் ஆளாவே இருக்க மாட்டேன்டி. மதியத்துக்கு மாத்து. மனுஷியா போயிட்டு வரணும்.” தாரணி கைப்பேசியில் இரண்டு தட்டுத் தட்டினாள். பிற்பகல் இரண்டரை என்று வந்தது. போகிற வழியில் தேக்காவில் பிரியாணி சாப்பிடலாமே என்று நானும் அதை வழிமொழிந்தேன். ஆகவே இந்தப் புகாரில் முதல் பிரதிவாதி பிற்பகல் இரண்டரை மணி. இரண்டாம், மூன்றாம் பிரதிவாதிகள் என் மனைவியும் நானும். பிரியாணியை மட்டும் விடுவித்துவிடலாம்; அது நன்றாகவே இருந்தது.

தயாரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேசிய தின அணிவகுப்புக்குக்கூட அத்தனை ஒத்திகை நடந்திருக்காது. பலதுறை மருந்தகத்து மருத்துவர் என்றைக்கோ கொடுத்த கைப்பயிற்சித் தாளைத் தேடி எடுத்து, வாரம் முழுவதும் சுருட்டிய காலுறையைப் பிசைந்து பழகினார். அன்றைய தினம் வலி மாத்திரையை நிறுத்திவைத்து, மருத்துவமனையில் நுழையும் நேரத்தில் அது சரியாக வேலை செய்யும்படி கணக்குப் பார்த்து விழுங்கினார். கைகளை வெந்நீரில் ஊறவைத்தார். தாரணி விடுப்பு எடுத்துக்கொண்டு சிராங்கூனிலிருந்து வந்து, தலை வாரிக் கொண்டை போட்டு, புடவையை இஸ்திரி செய்து கட்டிவிட்டாள். வளையல்கள் வீங்கிய விரல் முட்டிகளைத் தாண்டவில்லை. சோப்பு நுரை போட்டு ஏற்றினாள். ஒவ்வொன்றாக ஏறும்போது ரஞ்சிதம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டைவிட்டுக் கிளம்பியபோது நாங்கள் சிகிச்சைக்குப் போகிறோமா நிச்சயதார்த்தத்துக்குப் போகிறோமா என்று மின்தூக்கிக்கே குழப்பம்.

தங்கள் சிகிச்சையாளர் செல்வி மோகனப்பிரியா மிகவும் மரியாதையான பெண். கதவைத் திறந்து, “வாங்கம்மா, உட்காருங்க. கை எப்படி இருக்கு?” என்று தமிழிலேயே கேட்டார். தமிழ்ப் பெண் என்று தெரிந்ததும் பாதிச் சிரமம் தீர்ந்தது என்று நான் நினைத்தேன். அங்கேதான் சறுக்கியது. வேறு யாராவது கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார். நம் வீட்டுப் பிள்ளைபோல ஒருத்தி எதிரே உட்கார்ந்து கேட்கும்போது, தன் வலியை எடுத்து அவள் மடியில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. “நல்லா இருக்கும்மா. நீங்க சாப்பிட்டீங்களா?” என்றார்.

அதன் பிறகு யார் யாரைச் சோதித்தார்கள் என்பதே விசாரணைக்குரியது. மோகனப்பிரியாவின் தாயாருக்குச் சர்க்கரை எவ்வளவு, அண்ணன் எங்கே வேலை பார்க்கிறார், கல்யாணப் பேச்சு எந்த மட்டில் இருக்கிறது என்பதெல்லாம் தெளிவாக வெளிவந்தன. என் மனைவியின் கைகளைப் பற்றி வெளிவந்தது இவ்வளவுதான். பொத்தான் போட முடிகிறதா? “போடுவேன்மா.” சமையல்? “நான்தான் சமைக்கிறேன்.” பாட்டில் மூடி? “அதெல்லாம் திறந்துடலாம்.” இவற்றில் எதுவும் பொய் இல்லை, ஐயா. எந்த நேரத்தில், எத்தனை நேரம் போராடி, கடைசியில் யாருடைய கையால் என்பதை மட்டும் விட்டுவிட்டார். பிடியின் பலத்தை அளக்கும் கருவியைக் கொடுத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதலாவதாக வந்தவர். “எவ்வளவு மார்க்கும்மா?” என்று கேட்கவும் செய்தார்.

அப்போதுதான் நான் குறுக்கிட்டேன். “அவ சொல்றதை நம்பாதீங்கம்மா. காலையில ஒரு கடுகைக்கூட இவளால தூக்க முடியாது. ஜாக்கெட்டுக்குக் கொக்கி மாட்ட ஆரம்பிச்சா, முடிக்கிறதுக்குள்ள தீபாவளி வந்துடும்” என்றேன். மோகனப்பிரியா சிரித்துவிட்டார். என் மனைவியும் சிரித்து, “இவர் இப்படித்தாம்மா, ஒண்ணை ஒம்பதாக்குவார்” என்றார். வழக்கமாக நான் இப்படிப் பேசினால் தொடையில் நறுக்கென்று கிள்ளுவார். அன்று முழங்கையால் இடித்தார். கிள்ளுவதற்கு விரல் கூடவில்லை. அந்த அறையில் கவனித்திருக்க வேண்டியது அது ஒன்றுதான். என் நகைச்சுவைக்குக் கிடைத்த சிரிப்பில் நானே அதைக் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகே உறைத்தது.

அடுத்த அறையில் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார்கள், எழுந்தார். நடக்கச் சொன்னார்கள்; புடவை கசங்காமல் நடந்தார். பின்னர் வந்த கடிதத்தில், அன்றாட வேலைகளை அவரே செய்துகொள்கிறார், மணிக்கட்டுக்குத் தாங்கி தற்போது தேவையில்லை, சிகிச்சை இத்துடன் நிறைவடைகிறது என்று இருந்தது. அந்தக் கருவியை அழுத்திய மறுநாள் காலை அவருடைய இரண்டு மணிக்கட்டுகளும் வீங்கிச் சூடாக இருந்தன. அதைத் தங்கள் பிரிவில் யாரும் பார்க்கவில்லை. பார்க்கும்படி நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

சிகிச்சை நின்றதைவிட எனக்குக் கவலை தந்தது வேறு. அந்தக் கடிதத்தை என் மனைவி நம்பிவிட்டார். “ஆஸ்பத்திரியிலயே நல்லா இருக்குன்னு எழுதிட்டாங்க. அப்ப எனக்குத்தான் சோம்பேறித்தனம் போல” என்றார். அன்று முதல் காலையில் வலிக்கிறது என்று என்னிடம் சொல்வதையும் நிறுத்திவிட்டார். நான் ஏற்றுக்கொண்டிருந்த வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். அவற்றில் ஒன்று துணி காயப்போடுவது. எங்கள் அடுக்குமாடி புளோக் பழையது. ஈரத் துணிகளை மூங்கில் கழியில் கோத்து, சமையலறை ஜன்னல் வழியே வெளியே நீட்டி, சுவரில் பதித்த குழாய்க்குள் கழியின் நுனியைச் செருக வேண்டும். முழுக் கனமும் மணிக்கட்டில் நிற்கும்.

சென்ற மாதம் ஒரு காலை, நான் கோப்பிக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், கழி அவர் கையிலிருந்து நழுவி எட்டு மாடியும் கீழே விழுந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகும் பாதையை ஒட்டிய புல்லில் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. மூன்றாம் மாடியில் இருக்கும் தம்பி அர்ஃபான் அதை எடுத்துக்கொண்டு, மின்தூக்கியில் நுழையாததால் படியேறியே வந்தார். நான் திரும்பி வந்தபோது வாசலில் நின்று, “ஆன்ட்டி, யாருக்கும் ஒண்ணும் ஆகல லா, பயப்படாதீங்க” என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும், “அங்கிள், என் மக இப்பத்தான் அந்த வழியா போனா” என்றார். கழியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் படியிறங்கினார். நல்ல மனிதர்.

ரஞ்சிதம் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். கைகளை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் விடலீங்க. கை விட்டுடுச்சு” என்றார். நான் மிகைப்படுத்தவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே, “அந்தப் பொண்ணுகிட்ட இதைச் சொல்லியிருக்கணும்” என்றார். இந்த மனுவுக்கு அவர் அனுமதி கொடுத்தது அப்போதுதான்.

செல்வி மோகனப்பிரியா மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன். அவர் கண்டதை எழுதினார். நாங்கள்தான் விருந்தாளியாகப் போய் உட்கார்ந்துவிட்டோம். வெளியே கிளம்பினால் உள்ளதில் நல்லதை உடுத்துவதும், எப்படி இருக்கிறீர்கள் என்றால் நன்றாக இருக்கிறேன் என்பதும் எங்களுக்கு இத்தனை வயதில் கை கால் போலப் பழகிவிட்டவை. தங்களிடம் வருகிறவர்களில் எங்களைப் போன்றவர்கள் இன்னும் பலர் இருக்கலாம் என்றும், அவர்களுடைய கடிதங்களிலும் நலம் என்றே எழுதியிருக்கலாம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. ஒருமுறை கோணிப்போன விரல் திரும்ப நிமிராது என்று மூட்டு மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார். புதிதாகப் பரிந்துரை பெற்று வரிசையில் நின்றால் மாதங்கள் ஆகும் என்று பதிவு முகப்பில் சொல்கிறார்கள். அந்த மாதங்கள் எங்களிடம் இல்லை. ஆகவே கீழ்க்கண்டவற்றை வேண்டுகிறோம்.

1. முடித்துவைத்த சிகிச்சையைத் திறந்து, காலை எட்டரை மணிக்கு நேரம் ஒதுக்கவும். அதற்கும் முந்தி முடியுமானால், நாங்கள் முதல் ரயிலைப் பிடித்துத் தங்கள் கதவை நாங்களே திறந்துவைக்கவும் தயார்.

2. என் மனைவி எழுந்தபடியே வருவார். வெந்நீர் இல்லை, வளையல் இல்லை, தாரணிக்கு விடுப்பும் இல்லை. வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன நேரத்தில் மட்டும் எடுத்துக்கொள்வார்.

3. முடியுமா என்று அவரிடம் கேட்க வேண்டாம். முடியும் என்றுதான் சொல்வார். ஒரு குழாய், ஒரு பாட்டில், ஒரு கொக்கி கொடுத்து, சிகிச்சையாளரைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லவும். சோதனை முடியும்வரை தன் கல்யாணப் பேச்சு பற்றி எதுவும் தெரிவிக்க வேண்டாம் என்று செல்வி மோகனப்பிரியாவுக்கு அறிவுறுத்தவும்.

4. மணிக்கட்டுத் தாங்கி பற்றி மறுபடி பரிசீலிக்கவும். துணி காயப்போட வேறு என்ன வழி என்று சொல்லித்தரவும். சிகிச்சையாளர் ஒரு காலை வீட்டுக்கே வந்து பார்க்க இயலுமானால், இன்னும் நல்லது.

5. நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். இது என் மனைவியின் நிபந்தனை.

கீழே அவருடைய கையொப்பமும் உள்ளது. இன்று காலை ஏழு மணிக்குப் போட்டது. மதியம் போட்டால் அழகாக வருமே என்று முதலில் தயங்கினார். பிறகு அவரே பேனாவைக் கேட்டு வாங்கினார். எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வரி சேர்க்கட்டுமா என்றேன். “வேணாம், அப்படியே பார்க்கட்டும்” என்றார்.

இடம்: புக்கிட் பாஞ்சாங்
நாள்: 14 ஜூலை 2025

தங்கள் காலை வேளை ஒன்றை வேண்டி நிற்கும்,

(ஒப்பம்) கா. ஞானசேகரன்

(ஒப்பம்) ஞா. ரஞ்சிதம்